அணைந்தால் புறப்படலாம்

மழை வலுத்திருந்த அந்த விடியலில் வேனுக்குள் யாரும் பேசவில்லை. வேனை ஓட்டும் அம்சவல்லிக்கு அதுதான் பயமாக இருந்தது. மற்ற நாட்களில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஏறியதிலிருந்து ஒரகடத்தில் இறங்கும்வரை அந்த ஏழு பெண்களின் வாய் ஓயாது. மாமியார், சீரியல், சூப்பர்வைசர், கேன்டீன் சாம்பார் என்று பேச்சு சுற்றிச் சுற்றி வரும். இன்று எல்லோரும் முன்கண்ணாடியில் ஆடும் வைப்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் இருந்தது. ஆயுத பூஜை முடிந்து ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இந்த வேன் இரண்டு முறை நடுவழியில் நின்றுவிட்டது. இரண்டு முறையும் மழை நாள். இரண்டு முறையும் காலை ஷிப்டுக்குத் தாமதம். இவர்கள் வேலை செய்யும் கம்பெனிகளில் தாமதமாக வந்தவர்களுக்கு அந்த மாதத்து வருகை ஊக்கத்தொகை கிடையாது. போன வாரம் சசிரேகா எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

"இன்னொரு வாட்டி நின்னுச்சினா நாங்க சுபாஷ் வண்டிக்குப் போயிட்றோம் அம்சா. தப்பா நெனச்சிக்காத. எங்க வூட்லயும் அடுப்பு எரியணும்ல."

சுபாஷும் அதே வழியில் வேன் ஓட்டுகிறவன். அம்சவல்லி தப்பாக நினைக்கவில்லை. சொன்னது நியாயம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் இந்த ஏழு பேரும் இறங்கிவிட்டால் வேனை விற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை என்பதும் தெரியும்.

ஒரு காலத்தில் அவளும் இதே ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் நின்றவள்தான். ஸ்க்ரூ முடுக்கி முடுக்கி மணிக்கட்டு வீங்கி, டாக்டர் வேலையை விடச் சொன்ன பிறகு இந்தப் பழைய வேனை வாங்கினாள். பெண் ஓட்டும் வண்டி என்றதும் முதல் வாரம் யாரும் ஏறவில்லை. ஸ்டேஷன் வாசலில் காலியாக நின்று, கோவில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காலியாகவே திரும்பிப் போவாள். அப்படி நின்ற ஒரு நாள் சசிரேகா வந்து கதவைத் திறந்தாள். "எனக்கு கண்ணாடியில எங்கள மொறைக்காத டிரைவர் போதும். எட்றீ வண்டிய," என்று சொல்லி முன்சீட்டில் உட்கார்ந்தாள். மறுநாள் மரகதத்தை அழைத்து வந்தாள். அதன் பிறகு ஒவ்வொருவராக வண்டி நிறைந்தது. அந்த நன்றி அம்சவல்லியின் மனத்தில் விளக்குப் போல எரிந்துகொண்டே இருந்தது. அதனால்தான் போன வாரம் சசிரேகா சொன்ன வார்த்தை அவளைக் கோபப்படுத்தவில்லை, அழ வைத்தது.

ஏரிக்கரைத் திருப்பம் வந்தபோது வைப்பரின் வேகம் குறைந்தது. பால் போல இருந்த ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாலையில் விழவேயில்லை. கண்ணாடியில் படிந்த பனியைப் போக்க ஓடிக்கொண்டிருந்த ப்ளோயர் மூச்சு விட்டு அடங்கியது. இன்ஜின் இரண்டு முறை தும்மியது. மூடியிருந்த ஒரு டீக்கடையின் தகரக் கொட்டகைக்கு அடியில் அம்சவல்லி வண்டியை உருட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினாள். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம்.

"ஆச்சு," என்றாள் பின்சீட்டிலிருந்து மரகதம். "இன்னிக்கும் சங்கு."

"பேட்டரி புதுசுக்கா," என்றாள் அம்சவல்லி. "மெக்கானிக் வெயில் நாள்ல நல்லா ஓட்டிப் பாத்துட்டு, பழசு வீக்காய்ட்சினு சொல்லித்தான் மாத்தனாரு."

சசிரேகா திரும்பினாள். அவள் வல்லம் வடகாலில் பேட்டரி செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறவள். புது பேட்டரியைத் தங்கள் கம்பெனியுடையதாகவே வாங்கச் சொன்னதும் அவள்தான்.

"ஏய், எங்க பேட்டரிய சொல்லாத. நேத்து பொறந்த கொழந்த மாரி அது. ஒன் வண்டில வேற எதுவோ கீது."

"பின்ன ஆல்டர்னேட்டரா இருக்கும்," என்றாள் மரகதம்.

"ஐயோ அக்கா, ஆல்டர்னேட்டர்லாம் அவ்ளோ சீக்கிரம் போவாது," என்று உடனே எழுந்தாள் யுவஸ்ரீ. எல்லோரிலும் சின்னவள், ஆல்டர்னேட்டர் தயாரிக்கும் கம்பெனியில் கடைசி சோதனை பெஞ்சில் நிற்கிறவள். "நாங்க ஒவ்வொண்ணையும் சுத்த வுட்டுப் பாத்துத்தான் அனுப்பறோம். பெல்ட்டு போயிருக்கும்."

"பெல்ட்டா?" மரகதத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் வேலை செய்வது ரப்பர் பெல்ட் கம்பெனியில். "எங்க பெல்ட்ட புடிச்சி நீ தொங்கினாலும் அறுவாதுடீ. நானே தொங்குவேன்."

"நீ தொங்குனா வண்டியே ஒக்காந்துடும்," என்றாள் சசிரேகா.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அம்சவல்லிக்குக் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது. ஆனால் சசிரேகா அடுத்து கேட்ட கேள்வி அதை எடுத்துக்கொண்டது.

"அதில்ல அம்சா. சார்ஜ் ஏறலனா மீட்டர்ல பேட்டரி படம் போட்டு செவப்பா ஒரு லைட் எரியும்ல? அதுக்குத்தான வெச்சிக்கீறான். அத்தகூட பாக்காம இன்னா வண்டி ஓட்ற நீ? ஏழு பேர் பொழப்பு ஒன் கைல கீது."

"எரியலக்கா. சத்தியமா எரியல. பெருமாள் மேல ஆண."

யுவஸ்ரீ முன்பக்கம் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். "அது எப்டிக்கா எரியாம இருக்கும்? சாவிய போட்டு இன்ஜின் ஓடாம இருந்தா அது எரிஞ்சே ஆவணும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சுத்துனாதான் அணையும். எங்க பெஞ்ச்லயே அப்டித்தான். அணஞ்சாதான் பாஸ். எங்க, சாவிய லேசா திருப்பு."

அம்சவல்லி திருப்பினாள். மீட்டரில் ஒரு ஓரத்தில் ஆயில் விளக்கு மங்கலாக எரிந்தது. பேட்டரி விளக்கு எரியவில்லை.

"பல்பே போச்சா?" என்று முணுமுணுத்தபடி யுவஸ்ரீ முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். மீட்டர் கண்ணாடியின் இடப்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் நடுவில் குங்குமம். அந்தப் பொட்டின் விளிம்பில், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, மெல்லிய சிவப்பு ஒளி கசிந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றாள் யுவஸ்ரீ மெதுவாக. "எரியுதுக்கா. பொட்டுக்கு பின்னாடி எரியுது."

அவள் விரல் பொட்டை நோக்கிப் போனது. "ஏய், பூசப் பொட்டுடீ," என்றாள் மரகதம். விரல் பாதியில் நின்றது.

எல்லோரும் அந்தப் பொட்டையே பார்த்தார்கள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை அன்று அந்தப் பொட்டை வைத்தது யார் என்று அம்சவல்லிக்கு நன்றாக நினைவிருந்தது. ஏழு பேரும் அன்று பொரியும் கடலையும் பூவும் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கே வந்திருந்தார்கள். "எங்க வண்டிக்கு நாங்கதான் பண்ணுவோம்," என்று சொல்லி வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சசிரேகா சந்தனக் கிண்ணத்தை ஏந்தி ஸ்டீயரிங், கண்ணாடி, கதவு என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள். கடைசியில் மீட்டர் கண்ணாடியில் இருப்பதிலேயே பெரிய பொட்டாக வைத்து, "ஓட்றவ கண்ணு முன்னாடி சாமி இருக்கணும்," என்றாள்.

மற்ற பொட்டுகள் மழையிலும் துடைப்பிலும் போய்விட்டன. இந்த ஒன்றை மட்டும் அம்சவல்லி போக விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கோவில் குங்குமத்தில் கொஞ்சம் எடுத்து அதே இடத்தில் புதுப்பித்து வந்தாள். தினமும் சாவி போட்டதும் மினுக்கிவிட்டு அணைகிற ஒரு சின்ன விளக்கு, அன்றிலிருந்து கண்ணில் படவேயில்லை. எரிந்து பயமுறுத்துவதைத்தான் நாம் கவனிக்கிறோம். காணாமல் போனதை யார் கவனிக்கிறார்கள்?

இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'நீ வெச்ச பொட்டுதான்கா' என்ற அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. காலியான வண்டியின் கதவைத் திறந்து ஏறிய சசிரேகாவின் முகமும் கூடவே வந்தது.

"என் தப்புதான்கா," என்றாள் அம்சவல்லி. "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான்தான் குங்குமம் வெச்சினு இருந்தேன். லைட்ட மறைக்குதுனு தோணவே இல்ல."

துப்பட்டாவின் நுனியைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்தாள். கண்களை மூடி ஒரு கணம் கும்பிட்டாள். பொட்டைத் துடைக்கும் முன் அதிலிருந்த குங்குமத்தை விரலில் ஒற்றித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியை அழுந்தத் துடைத்தாள். சின்னதாக, சிவப்பாக, பேட்டரி படம் போட்ட விளக்கு எல்லோரையும் பார்த்து எரிந்தது.

சசிரேகா அதைப் பார்த்தாள். அம்சவல்லியின் நெற்றியையும் பார்த்தாள்.

"சரி, எழுந்திரு. சீட்ட தூக்கு," என்றாள்.

அந்த மாதிரி வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். சீட்டை மடக்கித் தூக்கியதும் சூடான எண்ணெய் வாசம் வந்தது. மூன்று செல்போன் டார்ச்சுகள் உள்ளே பாய்ந்தன. யுவஸ்ரீ எட்டிப் பார்த்து, கோவிலில் சுவாமியைப் பார்த்தவள் போல வாயைப் பிளந்தாள்.

"இதோ! இதுதான்கா எங்க ஆல்டர்னேட்டர்!"

"இன்னாடீ, நீ பாத்ததே இல்லயா?"

"பெஞ்ச்ல தெனம் பாக்கறேன். வண்டிக்குள்ள ஒக்காந்துகினு இருக்கறத இப்பதான் பாக்கறேன்." அவள் குரலில் ஏதோ உறவுக்காரரை வெளியூரில் சந்தித்த சந்தோஷம் இருந்தது. "வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்குத்தான்கா பேட்டரி. ஸ்டார்ட் ஆனதுக்கப்பறம் லைட்டு, வைப்பரு, ஹாரனு எல்லாத்துக்கும் இவருதான் கரண்ட் குடுக்கணும். ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட்ட பேட்டரிக்கு திருப்பிப் போட்றதும் இவருதான். இன்ஜின் சுத்தும், பெல்ட்டு இவர சுத்தும்."

"பெல்ட்டுதான் இன்ஜினுக்கும் இவருக்கும் நடுவுல கீறவன்," என்றபடி மரகதம் கையை உள்ளே விட்டாள். கம்பெனியில் நாள் முழுக்கத் தடவிப் பழகிய விரல்கள் பெல்ட்டின் பக்கவாட்டைத் தடவின. "அடப்பாவமே. எங்க பெல்ட்டு அறுவலமா. ஆனா கண்ணாடி மாரி பளபளனு கீது பாரு. சறுக்கி சறுக்கி தேஞ்சிருக்குது." நடுவில் கட்டைவிரலால் அழுத்தினாள். பெல்ட் உள்ளே இறங்கியது. "தொட்டில் மாரி ஆடுது! இவ்ளோ தொய்வா இருக்கக் கூடாது. மழ நாள்ல கீச்சு கீச்சுனு கத்துச்சே, ஞாபகம் கீதா? குயிலு வெச்சினு ஓட்றியானு ஒன்ன கிண்டல் பண்ணோமே, அது இதுதான்."

"ஆனா வெயில்ல மெக்கானிக் ஓட்டிப் பாத்தப்போ நல்லா இருந்திச்சே?" என்றாள் அம்சவல்லி.

யுவஸ்ரீ யோசித்தாள். "அக்கா, எங்க பெஞ்ச்ல சும்மா சுத்தும்போது மோட்டார் ஜாலியா ஓடும். லோடு போட்ட ஒடனே மொனகும். கரண்ட்டு கேக்க கேக்க ஆல்டர்னேட்டர சுத்தறது கனம். வெயில்ல நீ லைட்டு, வைப்பரு எதுவும் போடல. பெல்ட்டு தொய்வா இருந்தாலும் இழுத்துட்ச்சி. மழையில எல்லாத்தையும் போட்டுட்ட. இவரு கனமாயிட்டாரு, பெல்ட்டு சறுக்கிட்ச்சி. இவரு சரியா சுத்தல. கேட்டதெல்லாம் பேட்டரிதான் தனியா குடுத்துகினு வந்திருக்குது."

"குடுத்துகினே இருந்திருக்கான், ஒருத்தனும் அவனுக்குத் திருப்பிக் குடுக்கல," என்றாள் சசிரேகா. "பேட்டரி இன்னா கொழாயா, தொறந்தா வந்துகினே இருக்க? ஊத்தி வெச்சாத்தான் எடுக்க முடியும்."

ஆக, பேட்டரி நல்லது. ஆல்டர்னேட்டர் நல்லது. பெல்ட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் இன்னும் உழைக்கும். ஒவ்வொருத்தியும் தன் கம்பெனிப் பொருளைக் காப்பாற்றிவிட்டாள். கெட்டுப்போனது பொருள் எதுவும் இல்லை. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருந்த பிடிதான் தளர்ந்து போயிருந்தது.

ஆல்டர்னேட்டரின் ஓரத்தில் காது போல நீட்டியிருந்த பகுதியை நீளமான துளை உள்ள ஒரு பட்டையில் போல்ட் போட்டுப் பிடித்திருந்தார்கள். யுவஸ்ரீ அந்தக் காதைத் தொட்டுப் பார்த்து, "இது எதுக்குனு எனக்கு இத்தன நாள் தெரியாது," என்றாள். போல்ட்டைத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்பி, பெல்ட் இறுகியதும் மறுபடி முடுக்கினால் போதும். ஸ்பானர் வண்டியிலேயே இருந்தது. மரகதம் ஜாக்கிக் கம்பியை நடுவில் கொடுத்து நெம்பினாள். "நான் கனம்னு கிண்டல் பண்ணீங்கல்ல? இப்போ பாருங்கடி," என்று உடம்பின் எடை முழுவதையும் கம்பியில் போட்டாள். ஸ்க்ரூ முடுக்கியே மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்ட அம்சவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரைத் திருப்பினாள். வலித்தது. முழுசாக இறுகும்வரை விடவில்லை.

அப்போது பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. சுபாஷ் தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினான்.

"இன்னாக்கா, மாநாடா? வாங்க, எல்லாரும் ஏறுங்க. எடம் கீது. இப்போ கெளம்புனா கரெக்டா போய்டலாம்."

அம்சவல்லி ஸ்பானரைக் கீழே வைத்தாள். அவள் பயந்துகொண்டிருந்த நேரம் வந்துவிட்டது. ஆனால் இவர்களைத் தாமதமாக்கி இந்த வண்டியை ஓட்டி என்ன பயன்?

"போங்கக்கா," என்றாள். "மெய்யாத்தான் சொல்றேன். இவ்ளோ நாள் வந்ததே பெருசு. நான் மெதுவா வரேன்."

எல்லோரும் சசிரேகாவைப் பார்த்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அதைக் கழற்றி சீட்டில் வைத்தாள்.

"சுபாஷு, ஒன் வண்டில பேட்டரிக்குப் போட்ற ஒயர் கீதா?"

"கீதுக்கா."

"அத்த குடு. எங்களுக்கு எடம் வேணாம்."

"அக்கா, ஒங்களுக்கு லேட்டாவும்," என்றாள் அம்சவல்லி.

"நீ சும்மா இரு." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கோங்கடி. மீட்டர்ல பொட்டு வெச்சது இவ இல்ல. நான் வெச்சேன். ஆயுத பூஜைக்கு. நீங்க எல்லாரும்தான் பக்கத்துல இருந்தீங்க. நானே மறைச்சி வெச்சிட்டு, பாத்தியா பாத்தியானு இவளயே கேக்கறேன். இவ தெரிஞ்சிகினே என் பேர எடுக்கல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மழையென்று நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. "சுபாஷ் வண்டிக்குப் போறவங்க போங்க. தப்பு இல்ல. நான் இதுலதான் வருவேன்."

மரகதம் ஜாக்கிக் கம்பியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, "நெம்பி வெச்சது நான். ஓடுதா இல்லயானு நான் பாக்க வேணாமா?" என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை.

சுபாஷ் தன் வேனை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்த, அதன் பேட்டரியிலிருந்து இந்தப் பேட்டரிக்கு ஒயரை சசிரேகாவே மாட்டினாள். சிவப்பைச் சிவப்பில் மாட்டினாள். கறுப்பைக் கடைசியாக, பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜினின் இரும்பில் கடித்தாள். "பொறி பறந்தா பேட்டரி கிட்ட பறக்கக் கூடாது," என்றாள். சுபாஷ் தன் வண்டியை ஓட விட்டுக் காத்திருந்தான். அம்சவல்லி கோவில் திசை எது என்று மழையில் தேடாமல், கண்ணை மூடிக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் பிடித்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"லைட்ட போடு," என்றாள் யுவஸ்ரீ. போட்டாள். "வைப்பரு. ப்ளோயரு." எல்லாவற்றையும் போட்டாள். இன்ஜின் ஒரு நொடி முனகித் தாழ்ந்து, மீண்டும் நிமிர்ந்தது. விளக்கு எரியவில்லை. குயிலும் கூவவில்லை. யுவஸ்ரீ கைதட்டினாள். "பாஸ்!"

"எங்கயும் ஆஃப் பண்ணாத," என்றாள் சசிரேகா. "பேட்டரி பசியோட கீது. கொஞ்ச நேரம் ஓடிச்சினாத்தான் அதுக்கு வயிறு ரொம்பும். ப்ளோயர மட்டும் நிறுத்து, எங்களுக்கு வேணாம்."

சுபாஷ் ஒயரைச் சுருட்டிக்கொண்டு, "போங்கக்கா, நான் பின்னாடியே வரேன்," என்றான். தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஏழு பேர் அந்த வண்டியில் போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஒரகடம் வரை அவனுடைய விளக்கு வெளிச்சம் அவர்களுடைய கண்ணாடியில் தெரிந்துகொண்டே வந்தது.

ஒரகடத்தில் இறங்கியவர்கள் ஓடிப்போய் கேட் சாத்துவதற்குள் நுழைந்துவிட்டார்கள். அதைத் தாண்டி, சசிரேகா மட்டும் இறங்கும் வல்லம் வடகால்தான் கடைசி. அங்கே போய்ச் சேர்ந்தபோது ஷிப்டு தொடங்கிவிட்டிருந்தது. சசிரேகாவுக்கு இந்த மாதத்து ஊக்கத்தொகை இல்லை. அவள் நிதானமாக இறங்கினாள்.

"அக்கா," என்றாள் அம்சவல்லி.

"ஏன்டீ சொல்லல, நான்தான் வெச்சேனு?"

"அன்னிக்கு நீ ஏறலனா எனக்கு வண்டியே இல்லக்கா. அதுக்கு நான் திருப்பி ஒண்ணுமே குடுக்கலயேனு..."

சசிரேகா அவள் நெற்றியிலிருந்த குங்குமத்தை, புருவத்தில் வழிந்திருந்த இடத்தில் மட்டும், தன் விரலால் சரிசெய்தாள். "போதும், கெளம்பு. நாளைக்கு வழக்கம்போல," என்று சொல்லிவிட்டு மழையில் நடந்தாள்.

ஊக்கத்தொகை போன சோகம் அன்று மதியத்துக்குள் சசிரேகாவுக்கு மறந்துவிட்டதாக மரகதம் பிறகு சொன்னாள். நம்புவதற்கு நமக்குத் தடையில்லை. மனிதர்கள் தாங்களே மனமுவந்து விட்டுக்கொடுத்ததைக் கடவுள் அவர்களுக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சசிரேகா குங்குமப் பொட்டலத்தோடு வந்தாள். இந்த முறை மீட்டர் பக்கம் போகவில்லை. சீட்டைத் தூக்கச் சொல்லி, இன்ஜின் ஓடாத நேரத்தில், ஆல்டர்னேட்டரின் முதுகில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். "அவருக்கும் கண்ணு படக் கூடாதுல்ல," என்றாள் யுவஸ்ரீ பெருமையாக.

இப்போது அந்த வேனில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. விடியலில் ஸ்டேஷன் வாசலில் எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் அம்சவல்லி கோவில் பக்கம் பார்த்துக் கும்பிட்டுச் சாவியைப் போடுவாள். ஏழு தலைகளும் ஒன்றாக முன்னால் குனியும். மாமியார் கதை பாதியில் நிற்கும். சிவப்பு விளக்கு எரியும். இன்ஜின் பிடிக்கும். விளக்கு அணையும்.

"அணஞ்சிட்ச்சி," என்பாள் சசிரேகா. "எட்றீ வண்டிய."